ஊசிக் கார்ட்ரிட்ஜ்: தமிழில் என்ன சொல்வது?

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் வணக்கம். பச்சை குத்தும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தொற்றுத் தடுப்பு, தோலின் அடுக்குகள், கழிவு அகற்றல் எல்லாம் முடிந்துவிட்டன. ஒரே ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது.

ரோட்டரி எனப்படும் சுழல்வகை இயந்திரத்தில் ஒரு சிறு மோட்டார் இருக்கிறது. அதன் அச்சில் மையம் விலகிப் பொருத்திய வட்டு, சுழற்சியை மேல்கீழ் அசைவாக மாற்றுகிறது. தையல் இயந்திரத்தில் நடப்பதுதான். அந்த அசைவை ஒரு தள்ளுகோல் வாங்கி, கைப்பிடியின் வாயில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் உறுப்புக்குக் கொடுக்கிறது. ஊசிகள் அந்த உறுப்புக்குள் இருக்கின்றன. செருகிச் சற்றுத் திருகினால் பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அப்படியே கழற்றி, கூர்ப்பொருள் கழிவுக்கான பெட்டியில் போட்டுவிட வேண்டும். இந்த உறுப்பைத்தான் கார்ட்ரிட்ஜ் என்கிறார்கள்.

கையேட்டில் இது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சொல் தருபவர்கள் கீழே உள்ள வாக்கியத்தில் பொருத்திப் பார்த்துவிட்டுத் தாருங்கள்:

“ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிய ______ ஒன்றை அவர் கண்முன்னே பிரியுங்கள்.”


அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

அம்மா, சொல் கைவசம் இருக்கிறது. அம்பு தங்கும் இடம் தூணி. ஊசி தங்கும் இடம் ஊசித்தூணி. அம்பறாத்தூணி என்று கம்பராமாயணம் கேட்டவர்கள் எல்லாரும் அறிந்த சொல். ஐந்து எழுத்து, வாயில் தடங்கல் இல்லை, புணர்ச்சியும் ஒழுங்கு.

ஊசியின் விரைவைச் சொல்வதற்கும் நமக்கு அந்நிய உவமை வேண்டியதில்லை. புறநானூற்றின் 82ஆம் பாட்டில் சாத்தந்தையார், சோழ மன்னன் பெருநற்கிள்ளியின் மற்போர் விரைவுக்குக் கட்டில் பின்னுபவன் கையில் ஓடும் ஊசியைச் சொல்கிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் அவன் கை ஊசி எப்படி ஓடியிருக்கும்! உங்கள் மோட்டார் ஊசிக்கு அதைவிடப் பொருத்தமான முன்னோடி எங்கே கிடைக்கும்? கையேட்டின் முன்னுரையில் சேர்த்துவிடலாம்.


அனுப்புநர்: பாலிடெக்னிக் விரிவுரையாளர், கோவை

> ஊசி தங்கும் இடம் ஊசித்தூணி

ஐயா, பயிற்சிக்கு வரும் பையன் பத்தாம் வகுப்பு முடித்திருப்பான். தூணி என்று சொன்னால் தூணைத் தேடுவான்.

கார்ட்ரிட்ஜ் என்பதற்குத் தமிழில் நூறாண்டுக்கும் மேலாகப் புழங்கும் சொல் தோட்டா. துப்பாக்கிக்கும் தோட்டா, கல்குவாரியில் பாறை பிளக்கவும் தோட்டா. செருகு, பயன்படுத்து, எறி என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. ஊசித்தோட்டா. முடிந்தது.


அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

தோட்டா இந்துஸ்தானி வழி வந்தது. ஆங்கிலத்தை வெளியேற்ற இந்துஸ்தானியை அழைப்பதற்கு இப்படி ஒரு குழுமம் எதற்கு?


அனுப்புநர்: பாலிடெக்னிக் விரிவுரையாளர், கோவை

ஆங்கிலேயரும் கார்ட்ரிட்ஜைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தார்கள், பிரெஞ்சுக்காரர் இத்தாலியத்திலிருந்து எடுத்தார்கள். வேர் ‘காகிதம்’ என்று பொருள்படும் சொல். வெடிமருந்தைக் காகிதத்தில் சுருட்டிய காலத்துப் பெயர். இன்று காகிதமும் இல்லை, மருந்தும் இல்லை. அவர்கள் யாரும் அதற்காக மடல் எழுதிச் சண்டை போடவில்லை.


அனுப்புநர்: பச்சை குத்தும் கலைஞர், புதுச்சேரி

இந்தக் குழுமத்தை வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. என் தொழில் என்பதால் எழுதுகிறேன்.

கடையில் நாங்கள் கார்ட்ரிட்ஜ் என்றே கேட்டு வாங்குகிறோம். தமிழ்ச் சொல் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சொல் வைப்பதற்கு முன் பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுண்டுவிரலைவிடக் குட்டை. முன்பக்கம் கூம்பிய முனை, அதற்குள் ஊசிக் கற்றை. ஊசிகளை ஒன்றாகப் பற்றவைத்துப் பின்னால் ஒரு தண்டில் பொருத்தியிருப்பார்கள். அந்தத் தண்டைச் சுற்றி ரப்பர் போன்ற சிலிக்கோன் சவ்வு. கையுறையோடு பின்பக்கத்தை அழுத்தினால் ஊசி முனை எட்டிப் பார்க்கும். கையை எடுத்ததும் உள்ளே ஓடிவிட வேண்டும். ஓடாமல் சோம்பி நின்றால் அதை நான் குத்த எடுப்பதில்லை.

அந்தச் சவ்வுக்கு இரண்டு வேலை. ஊசியைப் பின்னுக்கு இழுப்பது ஒன்று. மையும் இரத்தமும் கைப்பிடிக்குள்ளும் மோட்டார் பக்கமும் ஏறாமல் தடுப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் உயிர்நாடி. மோட்டாரை வேகவைத்துக் கிருமி நீக்க முடியாது. உள்ளே போன இரத்தம் அடுத்தவருக்கு வரும். பி வகை, சி வகைக் கல்லீரல் அழற்சி எல்லாம் இப்படிப் பரவக்கூடியவை.

இனி உங்கள் சொற்களுக்கு வருகிறேன். தூணியிலிருந்து அம்பை உருவலாம். இதிலிருந்து ஊசியை உருவ முடியாது, உருவவும் கூடாது. கூடு, உறை என்று யாராவது சொல்லப்போகிறீர்கள், அதற்கும் இப்போதே ஒரு வார்த்தை: புதிதாக வரும் பையன்களில் சிலர் ஊசி மட்டும்தான் அழுக்கு, வெளியே இருக்கும் பிளாஸ்டிக்கைக் கழுவி வைக்கலாம் என்று நினைக்கிறார்கள். உறை என்ற சொல் அந்த நினைப்புக்குத் துணை போகும்.


அனுப்புநர்: ஆசிரியை, யாழ்ப்பாணம்

கலைஞரின் மடலுக்கு நன்றி. பொருளைப் பார்த்தவர் ஒருவர் பேசிவிட்டார்.

எனக்குச் சவ்வு என்ற சொல்லில்தான் தயக்கம். பாடநூலில் சவ்வூடு பரவல் படித்த பிள்ளைக்குச் சவ்வு என்றால் ஏதோ ஒன்று ஊடாகச் செல்லும் என்பதே நினைவுக்கு வரும். இங்கே எதுவும் செல்லக் கூடாது. தடைப்படலம் என்று எழுதினால் என்ன?


அனுப்புநர்: பாலிடெக்னிக் விரிவுரையாளர், கோவை

காதில் இருப்பது செவிச்சவ்வு. அதன் ஊடாக யாரும் போவதில்லை. சவ்வே இருக்கட்டும்.


அனுப்புநர்: உறுப்பினர், கோலாலம்பூர்

அச்சுப்பொறியின் கார்ட்ரிட்ஜுக்குப் பொதியுறை என்று கணினிச் சொற்பட்டியல்களில் பார்த்திருக்கிறேன். மைப்பொதியுறை இருக்கும்போது ஊசிப்பொதியுறை ஏன் கூடாது? ஒரு சொல்லுக்கு இரண்டு தமிழ் எதற்கு?

இன்னொன்று, நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும் சொல்கிறேன். சரவாக்கின் இபான் மக்கள் மோட்டார் இல்லாமல், ஊசி கட்டிய கோலை இன்னொரு கோலால் தட்டித் தட்டிக் குத்துகிறார்கள். தோள்களின் முன்புறம் கத்தரிப்பூ வடிவம் குத்திக்கொள்வது அவர்கள் மரபு, ‘புங்காய் தெருங்’ என்பார்கள். தட்டிக் குத்துவதையும் மோட்டாரில் குத்துவதையும் வேறுபடுத்தத் தமிழில் தனித்தனிச் சொல் வேண்டாமா?


அனுப்புநர்: மருத்துவர், திருச்சி

சுருக்கமாக. ஊசிக்குப்பி என்று இதுவரை யாரும் சொல்லவில்லை, தயவுசெய்து சொல்லாதீர்கள். தடுப்பூசி மருந்து வருவது குப்பியில். பொதுமக்களுக்கு ஊசி என்றாலே ‘ஊசி போடுவது’தான். ஊசிப்பொதியுறை என்று தனியாக ஒரு தாளில் பார்த்தால் என் செவிலியர் சிரிஞ்சு வரும் காகித உறையை எடுத்துக் கொடுப்பார். கலைஞர் அஞ்சும் ‘உறை’யும் அதில் இருக்கிறது.


அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

தூணி தோற்றுவிட்டது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

இயந்திரத்துக்கே பெயர் இல்லாமல் அதன் உறுப்புக்குப் பெயர் தேடுகிறோம். ‘பச்சை குத்தும் சுழல்வகை இயந்திரம்’ என்பது விளக்கம், பெயர் அன்று. பச்சைகுத்தி என்று வைக்கலாம். மண்வெட்டி, பாக்குவெட்டி போல இகர விகுதி கருவிப் பொருளில் வரும். ஆனால் மீன்கொத்தியில் அதே விகுதி வினைமுதலைக் குறிக்கிறது. ஊருணியிலோ செயப்படுபொருளைக் குறிக்கிறது, ஊரால் உண்ணப்படுவது ஊருணி. ஆகவே பச்சைகுத்தி என்றால் கருவியா, குத்துபவரா, குத்திக்கொண்டவரா என்ற ஐயம் எழும். மூவரும் ஒரே அறையில் இருப்பதால் ஐயம் இன்னும் வலுக்கும். சுழல்குத்தி என்றால் தீரும்.

பச்சை என்ற பெயரே சுவையானது. கரி மை தோலுக்கடியில் நீலம் பாய்ந்த பச்சையாகத் தெரிகிறது. சிலர் இதைச் சங்ககாலத் தொய்யிலோடு இணைக்கிறார்கள். தொய்யில் குழம்பு கொண்டு மார்பிலும் தோளிலும் எழுதுவது. எழுதினால் அழியும், குத்தினால் அழியாது. தொய்யில் என்ற சொல்லை யாரும் இங்கே கொண்டுவராமல் இருப்பதற்காக முன்கூட்டியே எழுதுகிறேன்.


அனுப்புநர்: பாலிடெக்னிக் விரிவுரையாளர், கோவை

கொண்டுவந்தது நீங்கள் மட்டும்தான், ஐயா.

சுழல் என்பதைப் பற்றி ஒரு செய்தி. சுழல்வகை புதியது, மின்காந்தச் சுருள் வகை பழையது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். எடிசன் 1876இல் மின்பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். காகிதத்தில் துளையிட்டுப் படியெடுக்க மோட்டார் வைத்த பேனா அது. அதை அடிப்படையாக வைத்து நியூயார்க்கின் சாமுவேல் ஓரைலி 1891இல் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவும் சுழல்வகைதான். சுருள் வகை அதற்குப் பின்னால் வந்தது. ஆகவே அடைமொழி இல்லாமல் ‘இயந்திரம்’ என்றாலே சுழல்வகை, மற்றதற்குத்தான் அடைமொழி என்று எழுதலாம்.


அனுப்புநர்: ஆசிரியை, யாழ்ப்பாணம்

எந்திரமா இயந்திரமா என்று ஒருவரும் இன்னும் தொடங்கவில்லை. அதற்கு முன் சொல்லை முடிவு செய்யுங்கள்.


அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் நன்றி. ஐயா, 82ஆம் பாட்டு முன்னுரைக்குப் போகாது, முன்னுரை அரைப் பக்கம்தான்.

நாளை வெள்ளி. என் வாக்கியத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் படித்தேன். “புதிய ஊசித்தூணி ஒன்றைப் பிரியுங்கள்”: யாருக்கும் புரியாது. “புதிய ஊசித்தோட்டா ஒன்றைப் பிரியுங்கள்”: புரிகிறது, ஆனால் வாடிக்கையாளர் எழுந்து ஓடுவார். “ஊசிப்பொதியுறை”: பிரிப்பது உறையையா, உறைக்குள் இருக்கும் உறையையா? எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கிய தாள்-பிளாஸ்டிக் பொதி ஏற்கெனவே வெளியே இருக்கிறது.

‘ஊசிக்கட்டு’ என்று ஒன்றை யோசித்தேன். ஊசிகளும் சுற்றியிருப்பதும் சேர்ந்த ஒரே கட்டு, பிரிக்க முடியாதது. கலைஞர் என்ன சொல்கிறார்?


அனுப்புநர்: பச்சை குத்தும் கலைஞர், புதுச்சேரி

ஊசிக்கட்டு எனக்குச் சரி. ஒரே ஓர் இடையூறு: ஊசிகளைக் கட்டாகப் பற்றவைப்பதும் எங்கள் பேச்சில் உண்டு. ஏழு ஊசிக் கட்டு, ஒன்பது ஊசிக் கட்டு என்போம். 1207 ஆர்எல் என்றால் 0.35 மில்லிமீட்டர் தடிமன், ஏழு ஊசி, கோடு போடும் வட்ட அடுக்கு. அங்கே கட்டு என்பது ஊசிகளை மட்டும் குறிக்கிறது, பிளாஸ்டிக்கை அல்ல.

பெயர் எதுவானாலும் ‘ஒருவருக்கு ஒன்று, முழுவதும் கழிவு’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.


அனுப்புநர்: மருத்துவர், திருச்சி

கட்டு என்றால் காயத்துக்குப் போடுவது. அடுத்த பக்கத்தில் காயப் பராமரிப்பு வருகிறதே.


அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

தெரியும், மருத்துவரே. அந்தப் பக்கத்தில் ‘துணிக்கட்டு’ என்று எழுதிச் சமாளித்துவிட்டேன். கற்றைக்கு ‘ஊசிக் கற்றை’ என்று கலைஞர் முதல் மடலில் எழுதியதையே எடுத்துக்கொள்கிறேன்.

முடிவு இது: அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒருமுறை ‘ஊசிக்கட்டு எனப்படும் கார்ட்ரிட்ஜ்’, பிறகு எல்லா இடத்திலும் ஊசிக்கட்டு. சவ்வு சவ்வாகவே இருக்கும், முதல் முறை மட்டும் ‘தடுப்புச் சவ்வு’. ஆதரவு: கலைஞர், யாழ்ப்பாணம், அரைமனதோடு கோலாலம்பூர். கோப்பு இன்று இரவு அச்சகத்துக்குப் போகிறது.


அனுப்புநர்: பாலிடெக்னிக் விரிவுரையாளர், கோவை

அரைமனதையும் சேர்த்து இரண்டரை வாக்கு. என் வகுப்பில் நான் தோட்டா என்றே சொல்லிக்கொடுப்பேன்.


அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

கட்டு என்பது முதனிலைத் தொழிற்பெயர், இங்கே ஆகுபெயராய் நிற்கிறது, குற்றமில்லை. ஆனாலும் ஊசித்தூணியை இரண்டாம் பதிப்புக்காக ஒரு பக்கம் எடுத்து வையுங்கள் அம்மா. ‘இயந்திரம்’ என்று அச்சுக்குப் போகிறதா, ‘எந்திரம்’ என்று போகிறதா?