ட்வார்ஃப் கௌராமிக்கு வீட்டிலேயே மறைவிடம் செய்வது எப்படி?

பாசிக்குளம் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட என் தொட்டியில் இரண்டு ஆண் ட்வார்ஃப் கௌராமி மீன்களும், தொட்டியின் அடியில் மேயும் மீசையுள்ள சிறு கெளுத்தி மீன்களான கோரிடோராஸ்கள் ஐந்தும் இருக்கின்றன. மூன்று வாரங்களாகப் பெரிய கௌராமி சிறியதை ஓயாமல் துரத்துகிறது. சிறியது ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள இரண்டு விரல் இடைவெளியில் நாள் முழுவதும் ஒடுங்கிக் கிடக்கிறது. அதன் நீலக் கோடுகளும் வெளிறிவிட்டன. கடையில் விற்கும் வண்ணம் பூசிய குகைகளை வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கொட்டாங்கச்சி ஒன்றை அரை நாள் ஊறவைத்துக் கவிழ்த்து வைத்தேன். அது மிதந்துகொண்டே இருந்தது. மறுநாள் தண்ணீரும் டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறிவிட்டது. எங்கே தவறினேன் என்று சொல்லுங்கள்.

சிரட்டை:
நிறம் மாறியதற்கு அஞ்ச வேண்டாம். அது சிரட்டையிலிருந்து இறங்கும் டானின் என்ற இயற்கைச் சாயப் பொருள்தான், மீனுக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் ஊறவைத்தது போதாது. உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காய்ப் பருப்பைத் துளியும் விடாமல் சுரண்டி, நாரை உரித்து, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று நான்கு முறை கொதிக்க வையுங்கள். பருப்பு மிஞ்சினால் அழுகி, நீரின் மேல் எண்ணெய்ப் படலம் படியும். மிதப்பதற்குக் காரணம் உள்ளே சிக்கிய காற்றுதான். மூன்று கண்கள் உள்ள பாதியை எடுத்து, மென்மையான கண்ணை ஆணியால் குத்தித் திறந்துவிட்டால் காற்று அவ்வழியே குமிழ்குமிழாக வெளியேறிவிடும். விளிம்பில் வாசல் வெட்டிய பின் உப்புத்தாளால் தேயுங்கள். உங்கள் விரலை உறுத்தும் விளிம்பு கோரிடோராஸின் மீசையையும் அறுக்கும்.

மண்கலயம்:
வண்ணமோ மெருகோ பூசாத சிறிய மண்கலயத்தைப் படுக்க வைத்தாலும் போதும். அதைக் கூழாங்கற்களின் மேல் வைக்காமல் தொட்டியின் அடிக்கண்ணாடியில் அமர்த்தி, பிறகு சுற்றிலும் கற்களை நிரப்புங்கள். இல்லாவிட்டால் மீன்கள் கிளறும்போது சரிந்து விழும். சிமென்ட்டை மட்டும் தொடாதீர்கள். நான் கல்லையும் சிமென்ட்டையும் சேர்த்து ஆசையாக ஒரு குகை கட்டி, காய்ந்துவிட்டதென்று நம்பி இரண்டே நாளில் தொட்டிக்குள் இறக்கினேன். அதிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மை ஏறியதால் மூன்று டெட்ரா மீன்களை இழந்தேன். இன்றுவரை அது மனதை உறுத்துகிறது. வெளியில் எடுத்த கல்லாக இருந்தால் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். கௌராமித் தொட்டிக்கு ஆகாது.

நீர்மேல் இலை:
மேலே சொன்னவை அனைத்தும் சரியானவையே. ஆயினும் சிரட்டையும் கலயமும் உங்கள் கோரிடோராஸ்களுக்குத்தான் பயன்படும். கௌராமியின் சிக்கலை அவை தீர்க்காது. கௌராமி அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கியாக வேண்டிய மீன். அடித்தரைக் குகையில் ஒளிந்தாலும் மூச்சுக்கு மேலே வரும்போதெல்லாம் எதிரியின் கண்ணில் பட்டுவிடும். கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளில் செடிகள் மண்டிய, ஓட்டம் குறைந்த நீரில் வாழ்வது அதன் இயல்பு. ஆகவே நீர்மட்டத்தில் மறைவு கொடுங்கள். வேலம்பாசி என்ற நீர்ச்செடியை வாளியில் சில நாள் வைத்து நத்தைகளை நீக்கிய பின், தொட்டியின் நடுவில் மேலிருந்து கீழ்வரை திரைபோல அடர்த்தியாக வையுங்கள். ஒரு மூலையில் இருப்பது மறு மூலைக்குத் தெரியாதிருப்பதே முக்கியம். இரண்டும் ஆண்கள் என்பதால் இத்தொட்டியில் இது முழுத் தீர்வாகாமலும் போகலாம். ஒரு வாரத்தில் சிறியது இரை எடுக்காவிட்டால் தயங்காமல் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

பாசிக்குளம்:
அனைவருக்கும் நன்றி. வேலம்பாசித் திரை அமைத்து ஆறு நாட்களாகின்றன. துரத்தல் முற்றிலும் நிற்கவில்லை. ஆனால் சிறியது ஃபில்டரின் பின்னாலிருந்து வெளியேறி, இலைகளுக்கு நடுவே நின்று இன்று காலை இரண்டு முறை உணவு எடுத்தது. சிரட்டைக்குள் மூன்று கோரிடோராஸ்கள் நெருக்கிக்கொண்டு படுத்திருக்கின்றன. இன்னொரு தொட்டியையும் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.