தெற்கு பிரான்ஸில் ஒயின் தோட்டம் தேடிப் போனவர்கள்: உங்கள் அனுபவம்?

லியோன்வாசி:

அவிஞோன் பக்கம் போகிற நம்மவர்கள் முதலில் ஓடுவது ஷாத்தோநெஃப் து பாப் என்ற ஒயின் ஊருக்குத்தான். பெயர் அப்படி. போங்கள், தப்பில்லை. உருண்டைக் கற்கள் பரவிக் கிடக்கும் அந்தத் தோட்டங்களை ஒரு தடவையாவது பார்க்கணும். பல இடங்களில் மண்ணே தெரியாது. கல்லுக்கு நடுவிலிருந்து முண்டும் முடிச்சுமாகக் கொடி கிளம்பி நிற்கும். கோடையில் வெயில் தாழ்ந்த பிறகும் அந்தக் கல்லைத் தொட்டால் சுடும். 1954-ல் அந்த ஊர் மேயர், பறக்கும் தட்டுகள் இங்கே இறங்கக் கூடாது என்று உத்தரவே போட்டார். விளம்பரக் கலையை அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்!

ஆனால் கடைத்தெருவில் நாங்கள் நுழைந்த ஓர் இடத்தில் விரல் கனத்துக்கு ஊற்றிவிட்டு, எத்தனை பெட்டி வேண்டும் என்றார்கள். வந்த வேகத்தில் வெளியே வந்துவிட்டோம்.

அங்கிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் ஜிகோந்தாஸ். சின்ன ஊர், பின்னால் பல்வரிசையாய்ச் சுண்ணாம்புப் பாறை மலை. ஊர் நடுவில் உற்பத்தியாளர்கள் சேர்ந்து நடத்தும் ஒயின் கூடம் இருக்கிறது. பல தோட்டங்களின் ஒயின்களை அங்கேயே சுவைத்துப் பார்க்கலாம், தோட்டத்து விலைதான். நமக்குப் பிடித்த லேபிளைக் குறித்துக்கொண்டு, அந்தத் தோட்டத்துக்கு போன் போட்டு நேரம் கேட்க வேண்டும். நல்ல தோட்டக்காரரைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் அப்படிப் போன இடத்தில் பெயர்ப்பலகைகூட சரியாக இல்லை. தோட்டக்காரர் டிராக்டரிலிருந்து இறங்கி, கையைப் பேன்ட்டில் துடைத்தபடி வந்தார். சிமெண்ட் தொட்டியின் சின்னக் குழாயைத் திருகிக் கொஞ்சம் பிடித்து, கிளாஸை அலசித் தரையில் ஊற்றிவிட்டு, அப்புறம்தான் எங்களுக்குப் பிடித்தார். இன்னும் பாட்டிலுக்குப் போகாத கிரெனாஷ் (கறுப்புத் திராட்சை வகை) ஒயின், நாக்கைக் கவ்வியது. மலையோரத் தோட்டத்தில் பழம் தாமதமாகப் பழுக்கும், அதனால்தான் புளிப்பு நிற்கிறது என்று கையால் சரிவு வரைந்து காட்டினார். வாங்கச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. நாங்களாகத்தான் விலை கேட்டோம்.

சில விஷயங்கள்: நுழைந்ததும் 'போன்ஜூர்' (வணக்கம்) சொல்லாவிட்டால் எதுவும் நடக்காது. மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம், தொந்தரவு செய்யாதீர்கள். செப்டம்பரில் அறுவடை; அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். தோளில் பீப்பாய் சுமக்கும் ஆள் படம் போட்ட பலகை கண்ணில் பட்டால், சொந்தத் திராட்சையில் சொந்தமாக ஒயின் செய்து பாட்டிலில் அடைப்பவர் என்று அர்த்தம். வண்டி ஓட்டுபவர் சுவைத்துவிட்டுத் துப்பிவிடலாம், வாளி வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. புது லைசென்ஸ் என்றால் 0.2.

தெற்கத்திக்காரி:

லியோன்வாசி சொன்னது சரி, ஆனால் ஒயின் கூட்டுறவுச் சங்கங்களை விட்டுவிட்டாரே! தெற்குக் கடலோர லாங்கதோக் பக்கம் அதுதான் உயிர்நாடி. பெஸியே அருகே மரோஸானில் 1901-லேயே தொடங்கிவிட்டார்கள். 1907-ல் ஒயின் விலை விழுந்து ஊர் ஊராகக் கிளம்பிய போராட்டத்துக்குப் பிறகு இவை இன்னும் பெருகின. இன்றும் உள்ளூர்த் தாத்தாக்கள் பிளாஸ்டிக் கேனோடு வந்து, பெட்ரோல் பங்க் மாதிரிக் குழாயில் பிடித்துக்கொண்டு போவார்கள். அவர்கள் எதை நிரப்புகிறார்கள் என்று பார்த்து அதையே கேட்டேன். ஏமாறவில்லை.

சிறு தோட்டம்தான் வேண்டுமென்றால் அதே லாங்கதோக்கில் ஃபோஜேர் போங்கள். தகடு தகடாய் உரியும் கறுப்புக் கல் மண். கூட்டமும் குறைவு. குழந்தைகளோடு போகிறவர்கள் திராட்சைச் சாறு இருக்கிறதா என்று கேளுங்கள், சிலர் அதையும் பாட்டிலில் போட்டு வைத்திருப்பார்கள்.