குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வணக்கம். என் தம்பி போன மாதம் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபட்டான். செய்தது தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அடுத்த வாரம் வழக்கு வருகிறது. "ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும்" என்கிறான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அபராதம் ஒரு நாள் செலவு. ஆனால் உரிமம் பறிபோவது, காப்பீட்டுக் கட்டணம் ஏறுவது, குற்றப் பதிவு இதெல்லாம் கூடவே வருமே! அவனுக்கு டெலிவரி வேலை. உரிமம் போனால் வேலையும் போச்சு. வெளிநாட்டு விசாவுக்கும் முயற்சி செய்கிறான். அந்தப் படிவத்தில் தண்டனை பெற்றதுண்டா என்று கேட்பார்கள்.

இன்னொன்று, ஊதிப் பார்க்கும் சோதனை. வாயில் தங்கிய மது அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், ஊதவைக்கும் முன் 15 நிமிடமாவது காத்திருக்க வைப்பது வழக்கம். குடித்து முடித்துக் கிளம்பிய 5 நிமிடத்திலேயே ஊதவைத்தார்களாம் (அவன் சொல்வதுதான், நான் முழுசாக நம்பவில்லை). வரம்பைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை. கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்ற பதிவைக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

ஒப்புக்கொண்ட பிறகு அதைத் திரும்பப் பெறுவது லேசில்லை. அதனால்தான் இப்போதே கேட்கிறேன். முதல் வாய்தாவில் பதில் சொல்லாமல் அவகாசம் கேட்டவர்கள், இந்த வழக்குகளை நடத்தும் வக்கீல்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். திட்ட வேண்டுமானால் அவனை வீட்டிலேயே போதுமான அளவு திட்டியாகிவிட்டது.