பர்லியார் ஏற்றத்துக்கு எலெக்ட்ரிக் ஃபேன் தாங்குமா?

கல்லாறு லோடு:
மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு உரமும் சிமென்டும் ஏற்றிப் போகிறேன். இறங்கும்போது கேரட், முட்டைக்கோஸ். டீசல் பிக்கப், 12 வோல்ட், பழைய பம்ப் இன்ஜின், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. சென்ற வாரம் பர்லியாருக்கு மேலே ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் விளிம்பில் பிளந்துவிட்டது. புது ரேடியேட்டர் வாங்கியாகிவிட்டது. எப்படியும் எல்லாவற்றையும் கழற்றுகிறோம். இன்ஜின் ஃபேனை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டிவிடலாமா? டீசல் மிச்சமாகும், சீசன் நெரிசலில் வண்டி நின்றாலும் ஃபேன் ஓடும் என்கிறார்கள்.

குன்னூர் பட்டறை:
வேண்டாம் தம்பி.

கல்லாறு தாண்டினால் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். லோடோடு இரண்டாவது கியரில் மணிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறீர்கள். எதிரே வந்து மோதும் காற்று என்று ஒன்றும் கிடையாது. ஆனால் இன்ஜின் உச்சத்தில் சுற்றுவதால் அதன் மூக்கில் இருக்கும் ஃபேனும் உச்சத்தில் சுற்றுகிறது. சூடு அதிகமாகக் கிளம்பும் அதே நேரத்தில்தான் அதுவும் அதிகமாகக் காற்றை இழுக்கிறது. கடையில் கிடைக்கும் 12 வோல்ட் ஃபேன் 25 ஆம்பியர் இழுத்தாலும் 340 வாட் சொச்சம்தான், அரைக் குதிரைத்திறன்கூட வராது. இன்ஜின் ஃபேன் முழு வேகத்தில் தின்பது சில குதிரைத்திறன். நீங்கள் மிச்சம் பிடிக்க நினைக்கும் டீசல் அங்கேதான் போகிறது, போகத்தான் வேண்டும்.

ஒயரிங் கடை:
பட்டறை அண்ணா சொல்வது பாதிக் கணக்கு. எவ்வளவு தின்கிறது என்பது வேறு, எவ்வளவு காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்கிறது என்பது வேறு. இன்ஜின் ஆடும் என்பதால் இன்ஜின் ஃபேனின் இலைக்கும் அதைச் சுற்றியுள்ள காற்றுக் கூண்டுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். இழுத்த காற்றில் ஒரு பகுதி அந்த இடைவெளியில் திரும்பிச் சுழலும். பல பழைய வண்டிகளில் கூண்டே இருப்பதில்லை, கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை! எலெக்ட்ரிக் ஃபேன் கூண்டோடு ரேடியேட்டரை ஒட்டி உட்காரும்.

இன்னொன்று. மே மாதத்தில் ஏற்றம் குன்னூர் வழி, இறக்கம் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்குகிறார்கள். அப்போது மரப்பாலம் பக்கம் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து பாருங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது உங்கள் பெரிய ஃபேன் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். இத்தனை கார்கள் எலெக்ட்ரிக் ஃபேனோடு ஊட்டிக்கு ஏறவில்லையா?

குன்னூர் பட்டறை:
ஐடிலில் சூடும் குறைவுதானே ஐயா. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறுவது ஏறி வந்த சூட்டில். நின்ற இடத்தில் சற்று ரேஸ் கொடுத்தால் இறங்கிவிடும். காருக்குப் பின்னால் ஒன்றரை டன் சிமென்ட் இருக்கிறதா?

கேத்தி கேரட்:
இரண்டு பேரும் ஃபேனையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். மலையில் ரேடியேட்டர் பொங்குவதற்கு அதுதான் காரணம், எந்த ஃபேன் போட்டு என்ன?

குன்னூர் பட்டறை:
அது திறந்த பாத்திரத்துக்கு. ரேடியேட்டரின் 0.9 பார் மூடி அழுத்தத்தைச் சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட கடல்மட்டத்தில் 119 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஊட்டியில் 115 வரைக்கும். வித்தியாசம் நான்கு டிகிரி. கூலண்ட் கலந்தால் இன்னும் மேலே போகும். மூடியின் ரப்பர் போயிருந்தால்தான் நீங்கள் சொல்லும் 92.

அதைவிட முக்கியமானதை யாரும் கேட்கவில்லை. டேங்க் ஏன் பிளந்தது? இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் வழியாக, உள்ளே எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்தால் நேற்று வாங்கிய ரேடியேட்டரும் பிளக்கும். அதைப் பார்க்காமல் புதிதை மாட்டுவது வீண் செலவு. குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, இடைவிடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

கல்லாறு லோடு:
மேட்டுப்பாளையத்துப் பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றும் முன்பே அதைப் பார்த்துவிட்டோம், குமிழி இல்லை. இன்று காலை பழைய டேங்கைப் பிரித்தோம். குழாய் வாய்களில் பாதிக்கு மேல் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புப் பொருக்கு. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஓடு ஓடாகப் பெயர்கிறது. முன்பக்கச் செதில்களில் உரத்தூசியும் பூச்சியும் சேர்ந்து இறுகி, டார்ச் அடித்தால் வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை.

குன்னூர் பட்டறை:
ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றி ஊற்றி வந்த வினை. காற்றும் போக வழியில்லை, தண்ணீரும் ஓட வழியில்லை. இதற்கு எந்த ஃபேனாலும் பதில் சொல்ல முடியாது. புது ரேடியேட்டர், புது மூடி, புது தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), பாதிக்குப் பாதி கூலண்ட், பழைய ஃபேன். வேலை முடிந்தது.

ஒயரிங் கடை:
சரி, பழைய ஃபேன் இருக்கட்டும். ரேடியேட்டருக்கு முன்னால் துணைக்கு ஒரு சின்ன எலெக்ட்ரிக் ஃபேன் வைக்கலாமே. நெரிசலில் அது பார்த்துக்கொள்ளும்.

ஆனால் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக நேரே கரண்ட் கொடுத்துவிடாதீர்கள், ஸ்விட்ச் உருகிவிடும். ரிலே போடுங்கள், சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச் அது, முனைகளில் எண் போட்டிருக்கும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-க்கு. 87-லிருந்து ஃபேனுக்கு. 86-க்கு இக்னிஷன் போட்டால் வரும் கரண்ட். 85-ஐ ரேடியேட்டரில் பொருத்தும் வெப்ப ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு. 25 ஆம்பியர் ஃபேனானால் 40 ஆம்பியர் ஃபியூஸ், 6 சதுர மில்லிமீட்டர் ஒயர். சின்னதானால் அதற்கேற்பக் குறையுங்கள். எர்த் வைக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரிய வேண்டும். வருகிற புகார்களில் பெரும்பாலும் குற்றவாளி எர்த்துதான், ஃபேன் அல்ல. ஓடும்போது ஃபேன் முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எங்கோ தடை இருக்கிறது.

குன்னூர் பட்டறை:
ஒயரிங்கில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்னால் வைத்த ஃபேன் ஓடாத நேரத்தில் ரேடியேட்டரின் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். கல்லாறு ஏற்றத்தில் மதிய வெயிலில் அந்த மறைப்பு வேண்டுமா?

ஒயரிங் கடை:
ஏற்றத்தில் அது எங்கே சும்மா நிற்கும் அண்ணா? தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கிறதென்றால் 92 டிகிரியில் ஃபேனை ஓடவிடும் வெப்ப ஸ்விட்ச் வாங்கச் சொல்லுங்கள். கல்லாறு தாண்டும் முன்பே ஓடிக்கொண்டிருக்கும்.

கல்லாறு லோடு:
இன்ஜின் ஃபேனைக் கழற்றவில்லை. முதலில் புது ரேடியேட்டரோடு முழு லோடில் ஒரு நடை ஏறுகிறேன். மரப்பாலத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு ரிலே வாங்குகிறேன்.

குன்னூர் பட்டறை:
கூலண்ட் ஊற்றும்போது வண்டியின் முன்பக்கம் மேட்டில் இருக்கட்டும். உள்ளே காற்று நின்றால் அந்த முள்ளை நம்ப முடியாது.