கம்யூனிட்டி காலேஜுக்காக என் சொத்து வரி ஏன் ஏற வேண்டும்?

வரிகட்டி:
கலிபோர்னியாவில் வீடு வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. எங்கள் பகுதி கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) சொத்து வரியிலிருந்து அடைக்கும் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று இந்தத் தேர்தலில் கேட்கிறார்கள். வரிக்காகக் கணக்கிட்ட வீட்டு மதிப்பு 8 லட்சம் டாலர். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படித்து முடித்துவிட்டார்கள். அந்தக் கல்லூரி வாசலை நாங்கள் மிதித்ததே இல்லை. நான் எதற்குக் கட்ட வேண்டும்? சண்டைக்குக் கேட்கவில்லை, காரணம் தெரிந்தால் ஆதரித்து வாக்களிக்கத் தயார்.

இரவுப்பணி:
முதலில் கணக்கு. 2000-இல் மாநில வாக்கெடுப்பில் நிறைவேறிய 39-ஆவது முன்மொழிவின்படி இப்படிப்பட்ட பத்திரத்துக்கு 55 சதவீத வாக்கு கிடைத்தால் போதும்; ஆனால் மதிப்பில் லட்சம் டாலருக்கு ஆண்டுக்கு 25 டாலர்தான் உச்சவரம்பு. உங்களுக்கு அதிகம் போனால் 200.

நான் அப்படிப்பட்ட கல்லூரியில் செவிலியர் படிப்பு படித்தவள். சேர்ந்தபோது வயது 37. ஒரு யூனிட்டுக்கு (பாட அளவுக்கான அலகு) 46 டாலர் கட்டணம் என்பதால்தான் வீட்டில் பேச்சையே எடுக்க முடிந்தது. என் பக்கத்து இருக்கையில் பத்து வருடம் லாரி ஓட்டியவர். ஊசி போட்டுப் பழக எங்களுக்கு ஒரு ரப்பர் கை உண்டு. உள்ளே சிவப்புத் தண்ணீர் ஓடும். எத்தனை பேர் குத்திய கையோ, முழங்கை மடிப்பில் எப்போதும் ஒழுகும். ஆசிரியை பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, "இந்த நோயாளிக்கு ரத்தம் நிற்காது, அடுத்து வா" என்பார். இருபது பேருக்கு அந்த ஒரே கை. உரிமத் தேர்வு மட்டும் நான்கு வருடப் பட்டம் படித்தவர்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்.

என்னோடு முடித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதே வட்டாரத்து மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருக்கிறார்கள். வாசலை மிதிக்கவில்லை என்கிறீர்கள். அவசரப் பிரிவுக்குப் போனதில்லையா?

மூன்றாம்வரிசை:
அக்கா சொன்னதை மறுக்கவில்லை. என் மகன் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்து, சேர்க்கை உத்தரவாதத் திட்டத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்கு மாறினான். (அதன் பெர்க்லி வளாகத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.) ஆனால் ஒன்று: பத்திரப் பணம் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும்தான். ஆசிரியர் சம்பளத்துக்கு அதிலிருந்து ஒரு காசு எடுக்கக்கூடாது. இங்கே பளபளவென்று வெல்டிங் கூடம் கட்டினார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காமல் ஒரு பருவம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. நன்றாக வெல்டிங் தெரிந்தவருக்கு வெளியே அதைவிட நல்ல கூலி, பிறகு ஏன் வருவார்? வாக்களிக்கும் முன் திட்டப் பட்டியலைப் படியுங்கள் சார்.

வரிகட்டி:
அவசரப் பிரிவுக்குப் போன வருடம் போனோம், அம்மாவோடு. இரண்டு பேர் முயன்றும் நரம்பு சிக்கவில்லை. மூன்றாவதாக வந்த செவிலியர் கையைத் தட்டிப் பார்த்து ஒரே குத்தில் முடித்தார். எங்கே படித்தவர் என்று கேட்கத் தோன்றவில்லை.

பட்டியலையும் படித்தேன். செவிலியர் பயிற்சிக்கூடம் இருக்கிறது, சரி. பட்டியலில் அதற்கு மேலேயே நீச்சல்குளம் இருக்கிறது. அதற்கும் யாராவது ஒரு காரணம் சொல்லுங்கள்.