காரைக்குடியில ஒரு பழைய லெதர் க்விவர் (அம்பு வைக்கிற கூடு), 'எக்ஸலென்ட் கண்டிஷன்'னு சொல்றாங்க, நம்பி வாங்கலாமா?

வில்லங்கம்_மதுரை:
வணக்கம் மக்களே. நான் ரேஸ்கோர்ஸ் கிரவுண்டு பக்கம் ஆர்ச்சரி பழகுறவன், ஆனா வில்லு விடுறத விட பழைய வில்லுச் சாமான் சேக்குறதுல தான் கிறுக்கு ஜாஸ்தி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு கடையில முதுகுல மாட்டுற லெதர் க்விவர் ஒண்ணு கெடக்கு. 1920ல வெள்ளைக்காரத் துரை யூஸ் பண்ணது, அப்புறம் ஒரு ஜமீன் பங்களாவுல இருந்துச்சு, எக்ஸலென்ட் கண்டிஷன்னு கடைக்காரரு சொல்றாரு, 14,000 கேக்குறாரு. போட்டோ அனுப்புனாரு, முன்பக்கம் பூரா எலை டிசைன், பித்தளை பக்கிள், நல்லா பளபளன்னு இருக்கு. வாய்ப்பக்கம் சுத்தி ரோமத்தோட ஒரு தோல் பட்ட தச்சிருக்கு, பிரவுன்ல வெள்ளப் புள்ளி, அது மான் தோலாம். நாளைக்கழிச்சு நேர்ல போகலாம்னு இருக்கேன். என்னென்ன பாக்கணும், வாங்குனா என்ன எண்ணெய் போடணும், நம்ம ஊரு வெயிலுக்கு எப்படி வச்சுக்கிறது, தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

தோல்மண்டி_திண்டுக்கல்:
தம்பி, பளபளன்னு இருக்குன்னு சொன்னீங்கள்ல, எனக்கு அங்கதான் இடிக்குது. பழைய தோலு தானா பளபளக்காது, விக்கிறதுக்கு முன்னாடி யாரோ எண்ணெயோ பாலிஷோ ஏத்தியிருக்காங்கன்னு அர்த்தம். காஞ்சு மங்கிப்போயி தூசியோட கெடக்குற பீஸு கெடச்சா அதத்தான் நான் எடுப்பேன், அதுல எதையும் மறைக்க முடியாது.

மொத வேலையா செல்போன் டார்ச்ச உள்ள அடிச்சு அடிப்பக்கத்தப் பாருங்க. க்விவரோட ஆயுசே அங்கதான் இருக்கு. அம்பு மொனை எல்லாம் வருசக்கணக்கா குத்தி நிக்கிற எடம் அது, உள்ள ஆட்டு ரோமத் தோலோ ஃபெல்ட்டோ போட்டிருப்பாங்க, அது போயிருந்தா தோலு சல்லடையா இருக்கும். வெளிய எவ்வளவு அழகா இருந்தாலும் அடி போச்சுன்னா அது எக்ஸலென்ட் இல்ல, ஷோ பீஸு. அடுத்து வார் தோள்ல ஏறுற எடம், பக்கிள் துளை, ரிவெட் அடிச்ச எடம், இங்கல்லாம் தோலு இழுபட்டு விரிசல் விட்டிருக்கும். பித்தளைய சுத்தி மெழுகு மாதிரி பச்சையா படிஞ்சிருந்தா பயப்படாதீங்க, தோல்ல இருக்குற கொழுப்பும் செம்பும் சேந்து வர்ற களிம்பு அது, மூங்கில் குச்சியில சொரண்டி எடுத்துடலாம்.

அப்புறம் ஒரு வெள்ளத் துணிய வெரல்ல சுத்தி ஓரத்துல லேசா தடவுங்க. செங்கப் பொடி மாதிரி ஒட்டுச்சுன்னா கைய எடுத்துட்டு டீ குடிச்சுட்டு வந்துருங்க. அதுக்கு ரெட் ராட்னு பேரு, காத்துல இருக்குற கந்தகப் புகை தோல்ல ஏறி அமிலமா மாறி நாரையே தின்னுடும், திரும்பச் சரி பண்ணவே முடியாது. ஹைட்ராக்ஸி புரொப்பைல் செல்லுலோஸ ஆல்கஹால்ல கரைச்சு பூசி மியூசியத்துல பொடி உதிராம நிறுத்தி வைப்பாங்க, அவ்வளவுதான். இதுல எண்ணெய் போட்டா கன்னங்கரேல்னு வெறைச்சுப் போகும். நம்ம ஆவாரம்பட்டையில பதப்படுத்துன தோலுக்கு இந்த வியாதி சீக்கிரம் வரும், 1905லயே லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் கமிட்டி, புஸ்தக பைண்டிங் தோலப் பத்தி போட்ட ரிப்போர்ட்டுல நம்ம நாட்டுல இருந்து போன தோலத்தான் மோசம்னு எழுதிட்டாங்க. தொழில்ல இருக்கிறவனா எனக்கு அது வருத்தந்தான், ஆனா உண்மை.

நூலையும் விட்டுறாதீங்க. நைலான டூபான்ட் கம்பெனி வெளிய சொன்னதே 1938லதான். 1920 பீஸுல நைலான் தையல் இருந்தா ஒண்ணு ரிப்பேர், இல்ல கதை. பிசிறு நூலு இருந்தா கடைக்காரர்ட்ட கேட்டு நெருப்புல காட்டுங்க, உருகி உருண்டையா நின்னா நைலான், சாம்பலா போனா லினன் இல்ல பருத்தி.

செட்டிநாட்டுச்_சாமான்:
நம்ம ஊருக் கடைங்க தானே, சொல்றேன் கேட்டுக்கங்க. 1920ன்னா நூறு வருசத்தத் தாண்டிருச்சு, தொல்பொருள் சட்டம் 1972 கணக்குல வந்துரும், அத விக்கிறதுக்கு லைசென்ஸ் வேணும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. "அண்ணே லைசென்ஸ் இருக்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுப் பாருங்க, அந்த நிமிசமே க்விவருக்கு நாப்பது வயசு கொறஞ்சிரும் 😂

வெளையாட்டு ஒருபக்கம், அந்த மான் தோலு விசயம் வெளையாட்டு இல்ல. நெசமாவே புள்ளிமானா இருந்தா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல விக்கிறதும் குத்தம் வாங்குறதும் குத்தம், பாட்டன் காலத்துச் சொத்துன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. முடிய வெலக்கி வேரப் பாருங்க. மாட்டுத்தோல்ல பிரிண்ட் அடிச்சதா இருந்தா மேல ஒரு கலரும் அடியில ஒரு கலருமா தெரியும். சந்தேகமா இருந்துச்சுன்னா கைய வைக்காம கெளம்பிருங்க, 14,000 போறது பெருசில்ல, ஃபாரஸ்ட்டுக்காரங்க கேசு பெருசு.

உசிலம்பட்டி_பெருசு:
என்னப்பா எண்ணெய்க்கு இம்புட்டு பயப்படுறீங்க. கெணத்துல மாடு கட்டி கமலை எறைச்ச காலத்துல தோல் வாலுக்கு விளக்கெண்ணெய் போட்டுத்தான் வச்சிருந்தோம், செருப்புக்கும் அதேதான், வருசக்கணக்கா ஒழச்சுச்சு. தேங்காயெண்ணெய் வேணாம், சிக்கு நாத்தம் அடிக்கும், எறும்பு வரும். விளக்கெண்ணெய்க்கு என்ன கொற?

தோல்மண்டி_திண்டுக்கல்:
ஐயா சொல்றது சரிதான், ஆனா கமலை வாலு தெனமும் தண்ணியில கெடக்குற சாமான். தண்ணி எண்ணெய அலசிக்கிட்டே இருக்கும், நீங்க திரும்ப ஏத்திக்கிட்டே இருப்பீங்க, கிழிஞ்சா வேற வாலு தச்சுப்பீங்க. இது செவுத்துல தொங்கப் போற பொருளு. போட்ட எண்ணெய் உள்ளயே நின்னு கருத்து, நாளாக நாளாக பிசுபிசுன்னு தூசியப் பிடிக்கும், டிசைன் பள்ளமெல்லாம் அடைஞ்சு மொழுக்குன்னு ஆயிரும். சேக்குறவங்களுக்கு தோலோட பழைய நெறந்தான் மதிப்பு. ஒண்ணும் போடாதீங்க தம்பி, மெத்துன்னு இருக்குற பிரஷ்ஷால தூசி தட்டுங்க போதும்.

வில்லங்கம்_மதுரை:
போய்ட்டு வந்துட்டேன்! அடிப்பக்கம் சூப்பரு, உள்ள ரோமத் தோலு அப்படியே இருக்கு, ஓட்டை இல்ல. துணியில பொடி ஒட்டல, எண்ணெய்ப் பிசுக்குதான் ஒட்டுச்சு, நீங்க சொன்ன மாதிரியே ஏத்தி வச்சிருக்காரு. எலை டிசைன் கையால வெட்டுனது இல்ல, ஒரே எலை அச்சு வச்ச மாதிரி திரும்பத் திரும்ப வருது. பாடி தையல் சாம்பலா போச்சு, ரோமப் பட்ட தையல் மட்டும் உருகி உருண்டுருச்சு. முடி வேரப் பாத்தேன், அடியில வெள்ள, மேலதான் பிரவுனு, மாட்டுத்தோல் பிரிண்ட். இதுல பெரிய கூத்து என்னன்னா வாருக்கு உள்பக்கம் மங்கலா ஒரு முத்திர, பென் பியர்சன்னு படிக்க முடியுது, கீழ பைன் பிளஃப். துரையும் இல்ல ஜமீனும் இல்ல போல. லைசென்ஸ் கேட்டதுக்கு "அட அவ்வளவு பழசெல்லாம் இல்ல தம்பி"ன்னுட்டாரு 😂 இப்ப 9,000ங்கிறாரு. வார்ல ஒரு எடத்துல தையல் விட்டிருக்கு, அது மட்டுந்தான் கொற.

செட்டிநாட்டுச்_சாமான்:
சொன்னேன்ல. பென் பியர்சன் அமெரிக்காவுல ஆர்கன்சாஸ் மாகாணத்துல பைன் பிளஃப் ஊருக் கம்பெனி, ஃபேக்டரி போட்டு மொத்தமா செஞ்சு வித்தவங்க. அதனால ஒலகத்துல ஒண்ணே ஒண்ணுங்கிற பொருள் இல்ல, ஆனா கம்பெனி முத்திரையோட அடி நல்லா இருக்குற பீஸு மதுரையச் சுத்தி எங்க போயி தேடுவீங்க. அங்கருந்து வரவழைச்சா ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேந்து பொருள் விலையவே முழுங்கிரும். ரோமப் பட்ட ஒட்டு வேலைன்னு சொல்லி 7,000க்குப் பேசுங்க, 7,500ல முடியும்.

தோல்மண்டி_திண்டுக்கல்:
நல்ல பீஸு, எடுங்க. ரோமப் பட்டைய இழுத்துப் பிய்க்காதீங்க, நைலான் தையல ஒவ்வொண்ணா சின்ன கத்திரியால வெட்டி உருவுங்க, அடியில இருக்குற தோலு வெளிச்சம் படாம ஒரிஜினல் கலர்லயே இருக்கும், அத வச்சே மத்த எடம் எவ்வளவு கருத்துருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். வார் தையலுக்கு செருப்புத் தைக்கிறவர்ட்ட குடுங்க, ஆனா மெழுகு போட்ட லினன் நூல நீங்களே கொண்டுபோயி, பழைய ஓட்டையிலேயே கையால தைக்கச் சொல்லி பக்கத்துலயே நில்லுங்க. குத்தூசியால புது ஓட்ட போட விட்டுறாதீங்க, சொல்யூஷன் பசை ஒரு சொட்டு கூட வேணாம், அது காஞ்சா தோலையே தூக்கிட்டு வரும்.

வைக்கிறதுக்கு மொட்ட மாடி ரூம் வேணாம், சித்திரை வைகாசி வெயில்ல அப்பளமா ஆயிரும். அடச்ச பீரோவும் வேணாம், ஐப்பசி கார்த்திகை மழைக்கு பூசணம் பூக்கும். கீழ் வீட்டுல வெயில் படாத உள்செவுரு, அலசுன பழைய வேட்டித் துணிய உள்ள திணிச்சு உருவம் கலையாம வைங்க, வாரப் பிடிச்சு தொங்க விடாதீங்க. பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது. என்னைக்காச்சும் வெள்ளையா படிஞ்சா ஹேர் டிரையர தூர வச்சு லேசா காட்டுங்க, உருகி மறைஞ்சா உள்ள இருந்த கொழுப்பு, மறையலைன்னா பூசணம், அப்ப வாசல்ல நெழல்ல வச்சு பிரஷ் பண்ணுங்க, மூக்க மூடிக்கிட்டு.

வில்லங்கம்_மதுரை:
7,500க்கு முடிஞ்சிருச்சுண்ணே. லினன் நூலு மதுரையில எங்க கெடைக்கும்?

தோல்மண்டி_திண்டுக்கல்:
புஸ்தகம் பைண்டிங் பண்றவங்கட்ட கேளுங்க, இல்லைன்னா திண்டுக்கல் பக்கம் வந்தா சொல்லுங்க, நான் தர்றேன்.