அப்பாவின் 1966 எம்ஜிபி: பெயின்ற் அடித்து விற்பதா, இப்படியே விற்பதா?

நீலக்கார்:
வணக்கம். இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த அப்பா, வேலை கிடைத்ததும் 1973இல் வாங்கிய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. 1966இல் அபிங்டனில் செய்த திறந்த கார், ஐரிஸ் நீலம். அப்பா போன வருடம் தவறிவிட்டார். நான் ஒரே மகள். என்னிடம் கராச் இல்லை. ஒரு பண்ணைக் கொட்டகையில் மாத வாடகைக்கு வைத்திருக்கிறேன். அங்கே ஈரம் ஏறுகிறது, அதனால் விற்கத்தான் வேண்டும்.

காருக்கு ஒரு தடவைகூட மறுபடி பெயின்ற் அடிக்கவில்லை. ஞாயிறுதோறும் தேய்த்துத் தேய்த்து பொனற்றில் பிரைமர் (பெயின்றுக்கு அடியில் பூசும் பூச்சு) தெரிகிறது. அப்பா முழங்கை வைக்கும் இடத்தில், சாரதிப் பக்கக் கதவின் மேல் விளிம்பு வெறும் இரும்பாகப் பளபளக்கிறது. சீற் தையல் விட்ட இடத்தைச் சாக்கு ஊசியால் அவரே தைத்திருக்கிறார்.

பார்க்க வந்த வியாபாரி ஒருவர், பெயின்ற் அடித்து சீற்றையும் மாற்றினால்தான் விலை போகும் என்றார். பெயின்றுக்கு மட்டும் 7,000 பவுண் கேட்கிறார். எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மனதை மட்டும் கேட்டு முடிவெடுக்கவும் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பானர்பெட்டி:
சகோதரி, பெயிண்ட் அடிக்காதீர்கள். கவன்ட்ரியில் 22 வருடமாகப் பழைய கார்களுக்கு அடியில் படுத்து வேலை செய்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எம்ஜிபி அபூர்வமான கார் இல்லை. 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1988 முதல் முழு பாடியே புதிதாகக் கிடைக்கிறது. அதனால் பளபளப்பான எம்ஜிபி எப்போதும் கிடைக்கும், தொழிற்சாலைப் பெயிண்டோடு இருப்பதுதான் அரிது. அதைச் சுரண்டினால் திரும்ப வராது.

இன்னொன்று, விற்பதற்கு முன்னால் அடித்த புதுப் பெயிண்டைப் பார்த்தால் விவரம் தெரிந்தவன் "அடியில் என்ன மறைக்கிறார்கள்?" என்றுதான் கேட்பான். இந்தக் காருக்கு அடியில் தனி சேஸி (தாங்கும் இரும்புச் சட்டகம்) கிடையாது. கதவுக்குக் கீழே பெட்டி போல ஓடும், 'சில்' (sill) என்று சொல்லும் பாகம்தான் காரைத் தாங்குகிறது. அது அரித்தால் கார் நடுவில் தொய்யும். ஜாக் வைக்கும் இடத்தில் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். இடுக்கு நெருங்கிக் கதவு உரசினால் உள்ளே அரித்திருக்கிறது என்று அர்த்தம்.

காசு செலவழிப்பதானால் ஓடுவதற்கும் நிற்பதற்கும் செலவழியுங்கள். பிரேக் ஹோஸ், டயர், பெட்ரோல் குழாய். பழைய ரப்பர் குழாய்க்கு 2021இல் வந்த, எத்தனால் கூடுதலாகக் கலந்த இ10 பெட்ரோல் ஆகாது, சூப்பர் பெட்ரோல் போடுங்கள். பேட்டரிக்கு சார்ஜ் போடுகிறவரிடம் இது பாசிட்டிவ் எர்த் வண்டி (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்தது) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மிட்லண்ட்ஸ்வாசி:
என் ஸ்பிட்ஃபயர் காரை 2009இல் முழுக்கப் பெயிண்ட் அடித்தேன். மூன்று குளிர்காலத்தில் சக்கர வளைவெல்லாம் கொப்புளம் கொப்புளமாக எழுந்துவிட்டது. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்த நாளை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள் அக்கா.

நீலக்கார்:
நன்றி இருவருக்கும். தூக்கிப் பார்த்தோம். வலது கதவு நன்றாக மூடியது. இடது கதவு உரசியது. கராச்காரர் சில்லின் பின்முனையில் ஸ்குறூட்றைவரை வைத்து அழுத்தினார், உள்ளே போய்விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைத் திருத்திவிட்டு விற்பதா?

ஸ்பானர்பெட்டி:
வருத்தப்படாதீர்கள், இந்த வயதுக் காரில் ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் நல்ல கார். நீங்கள் திருத்த வேண்டாம். சில் பாகம் ஃபெண்டருக்கு (சக்கரத்தை மூடும் தகடு) பின்னாலும் நீள்கிறது, முறையாகச் செய்ய ஃபெண்டரின் கீழ்ப் பகுதியை வெட்ட வேண்டும். எவ்வளவு வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை வாங்குகிறவர் முடிவு செய்யட்டும். ஸ்குறூடிரைவர் உள்ளே போன இடத்தைப் படம் எடுத்து, விளம்பரத்தில் முதல் படமாகவே போடுங்கள். கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் தொழிற்சாலைப் பதிவேட்டுச் சான்றிதழ் வாங்குங்கள். அதில் கட்டிய தேதி, நிறம் எல்லாம் இருக்கும். ஐரிஸ் நீலம் என்று அது சொன்னால் அப்புறம் யாரும் வாதாட முடியாது. அப்பா ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா?

நீலக்கார்:
கொப்பி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு எண்ணெய் மாற்றமும், எத்தனை மைல் என்பதும் இருக்கிறது. எல்லாம் தமிழில். யாருக்கு விளங்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஸ்பானர்பெட்டி:
அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்!

நீலக்கார்:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கார் போய்விட்டது. வியாபாரி தருவதாகச் சொன்னதைவிடக் கூட வந்தது. ஆனால் எழுத வந்தது அதற்காக இல்லை.

வாங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அரித்த இடத்தின் படத்தைப் பார்த்துத்தான் வந்தேன் என்றார். பெயின்றைத் தொடாமல் சில்லை மட்டும் செய்விப்பாராம். கொப்பியைக் கையில் எடுத்து "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். சமையலறை மேசையில் இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக நான் வாசிக்க அவர் பென்சிலால் பக்கத்தில் எழுதிக்கொண்டார். 1979 பக்கத்தில், கிளச் மாற்றிய கணக்குக்குக் கீழே, "மகள் முதல் தடவை ஏறினாள், இறங்க மாட்டேன் என்று அழுதாள்" என்று அப்பா எழுதியிருந்தார். அது அவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது. அந்த வரியையும் அவர் எழுதிக்கொண்டார்.